கீது! கீது!! கீது!!!

ஒரு சொட்டு ஒயின்கூடக் குடிக்காமல் ஒயினையே மூச்சாக விட்டுக்கொண்டிருக்கும் மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான். அவர் ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூரில் இருக்கிறார். 'இருந்தார்' என்று எழுதினால் பஸ் பிடித்துக் கீழே இறங்கி வந்து என்னை உதைப்பார்.

அங்கே வங்கியில் நான் வேலை பார்த்தபோது, விதைக்கடை மாடியில் எனக்கு ஒரு அறை, அவருக்குப் பக்கத்து அறை. சொந்தப் பெயர் அவருக்கே மறந்திருக்கும். ஊருக்கு அவர் எஸ்ட்டு அண்ணன். சந்தவாசல்காரர். கப்பல் சமையல்கட்டில் வெங்காயம் உரிக்கப் போனவர், இத்தாலியில் இறங்கிக்கொண்டு ஒரு ஏரிக்கரை ஊரில் பல வருஷம் திராட்சை பறித்திருக்கிறார். ஊரின் பெயர் மோந்தேஃபியாஸ்கோனே. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் மெஸ் நடத்தும் சரசக்கா வாயில் அது 'மோந்துபாத்த கோணி' ஆகிவிட்டது. அண்ணனும் எதைக் கையில் எடுத்தாலும் முதலில் மோந்து பார்ப்பவர் என்பதால் அந்த இத்தாலி ஊருக்கு எங்கள் பக்கத்தில் அந்தப் பெயரே நிலைத்தது.

அந்த ஊர் ஒயினுக்குப் பெயர் 'எஸ்ட்! எஸ்ட்!! எஸ்ட்!!!' நான் கேலி செய்யவில்லை, பாட்டிலிலேயே அப்படித்தான் போட்டிருக்குமாம். முன்னொரு காலத்தில் ஒரு பெரிய பாதிரியார் ரோமுக்குப் பயணம் போனார். வேலையாளை முன்னால் அனுப்பி, எந்தச் சத்திரத்தில் நல்ல ஒயின் இருக்கிறதோ அதன் கதவில் 'எஸ்ட்', அதாவது லத்தீனில் 'இருக்கிறது' என்று எழுதச் சொன்னார். இந்த ஊர் ஒயினைக் குடித்த வேலையாள் தலைகால் புரியாமல் மூன்று முறை எழுதிவிட்டான். பின்னால் வந்த பாதிரியார் ரோமை மறந்து, அங்கேயே குடித்துக் குடித்துப் போய்ச் சேர்ந்தார். இதுதான் கதை.

"நம்ப பாஷையில சொல்லணும்னா, கீது, கீது, கீது. அவ்ளோதான்" என்று முடிப்பார் அண்ணன். நீங்கள் குடித்திருக்கிறீர்களா என்று ஒருநாள் கேட்டேன். ஒரு வாய் வைத்தாராம், புளித்த மோர் மாதிரி இருந்ததாம், துப்பிவிட்டாராம்.

அவரைப் பிடித்து ஆட்டியது ஒயின் இல்லை, அதன் சட்டம். அந்த ஏரியைச் சுற்றியுள்ள ஊர்களில் விளைந்த திராட்சையாக இருந்தால்தான் அந்தப் பெயரை வைக்கலாம். பக்கத்து மலைத் திராட்சை தேனாக இனித்தாலும் வைக்கக் கூடாது. இந்தச் சட்டத்தை அண்ணன் தனி ஆளாக ஜவ்வாது மலைக்குக் கொண்டுவந்துவிட்டார். சந்தையில் 'மலைத்தேன்' என்று விற்றவனின் பாட்டிலை மோந்து, வெல்லப்பாகு என்று தீர்ப்புச் சொல்லி, அவன் கடையை மூட்டை கட்ட வைத்தார். ஒரு கல்யாணப் பந்தியில் மலைப்புளிக் குழம்பு என்று ஊற்றினார்கள். இலையை விட்டு எழுந்துபோய்ச் சமையல்காரரைப் பிடித்தார். மலைக்குக் கீழே கணியம்பாடியில் வாங்கிய புளி என்று அவர் ஒப்புக்கொண்டதும், பெண்ணைப் பெற்றவருக்கு வேர்த்துவிட்டது. அண்ணன் திரும்பி வந்து உட்கார்ந்து, அதே குழம்பை மறுபடி மறுபடி வாங்கிச் சாப்பிட்டார். ருசியில் குறை இல்லையாம், பேர்தான் தப்பாம்.

பிறகு சாக்பீஸ் வந்தது. எந்தக் கடையில் உண்மையான மலைச் சரக்கு இருக்கிறதோ அதன் கதவில் 'கீது!' என்று எழுதுவார். நன்றாக இருந்தால் இரண்டு. மூன்று கீது கிடைப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. சுற்றுலா வருகிறவர்கள் கீதுவை எண்ணிப் பார்த்து உள்ளே நுழைய ஆரம்பித்தார்கள்.

சரசக்காவுக்கு ஒரு கீதுதான். அதுவும் கொள்ளு ரசத்துக்கு. சாமை கீழே திருப்பத்தூர் மண்டியில் வாங்கியது என்பதால் அதற்குக் கிடையாது. புருஷன் இல்லாமல் அந்த மெஸ்ஸை வைத்துத்தான் அக்கா குடும்பத்தை இழுத்துக்கொண்டிருந்தார். வைராக்கியம் வந்துவிட்டது. மலைக் கிராமத்துக்கே போய், அங்கே விளைந்து அங்கேயே குத்திய சாமையை வாங்கிவந்து வடித்தார். அண்ணன் மோந்தார், தின்றார், கண்ணை மூடினார். எழுந்துபோய்க் கதவு நிறைய எழுதினார்: கீது! கீது!! கீது!!!

அந்த வாரமே போலீஸ் ஜீப் வந்து நின்றது.

எங்கள் பக்கத்தில் ஒரு கதவில் 'கீது' என்று எழுதியிருந்தால் என்ன கீது என்று யாரும் கேட்கமாட்டார்கள். சாராயம்தான். எவனோ கீழே போய்ப் போட்டுக்கொடுத்திருக்கிறான். சாப்பிட உட்கார்ந்திருந்த எங்களை எல்லாம் எழுப்பிவிட்டு, கதவைப் பார்த்தபடி சப்-இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"ஏம்மா, மூணு கீது போட்டிருக்க. இன்னா இன்னா கீது?"

"சாமைச்சோறு கீதுங்க. கொள்ளு ரசம் கீதுங்க" என்ற அக்கா திணறினார்.

"மூணாவது?"

"மூணாவதும் சாமைதானுங்க."

போதாதா? அடுப்படியைக் கிளறினார்கள். குடத்தைக் கவிழ்த்தார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை, ஆனால் சந்தேகம் தீரவில்லை. விசாரணை முடிகிறவரை கடைக்குப் பூட்டு என்றார் சப்-இன்ஸ்பெக்டர். அக்காவின் முகம் செத்துவிட்டது. அப்போது பார்த்து எஸ்ட்டு அண்ணன் ஓடிவந்தார். அப்பாடா, தப்பித்தோம் என்று நினைத்தேன். அவர் வாயைத் திறந்தார்.

"சார், அது நான் எழுதினதுங்க. இது ஒயின் சமாச்சாரம்."

எனக்கு மண்டையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. ஒயின் எங்கே என்றார் சப்-இன்ஸ்பெக்டர். இத்தாலியில் என்றார் இவர். இங்கே கொண்டுவந்தது யார் என்றார் அவர். சட்டத்தை மட்டும் தானே கொண்டுவந்ததாக இவர் பெருமையாகச் சொன்னார். அடுத்துப் பாதிரியார் கதையை ஆரம்பித்தார். அதில் பாதிரியார் சத்திரம் வந்து சேர்வதற்குள் அண்ணனை ஜீப்பில் ஏற்றிவிட்டார்கள்.

சரசக்காவுக்கு எங்கிருந்துதான் அந்தத் துணிச்சல் வந்ததோ. இலையைப் போட்டு, ஆவி பறக்கச் சாமையைக் கொட்டி, ரசத்தை ஊற்றினார்.

"மொதல்ல சாப்புடுங்க சார். நான் இன்னா விக்கிறேன்னு வாய்ல வெச்சிப் பாத்துட்டு, அப்பறம் பூட்டுங்க."

மத்தியான நேரம், மலை ஏறி வந்த பசி. சப்-இன்ஸ்பெக்டர் முறைத்துக்கொண்டே உட்கார்ந்தார். முதல் கவளத்தில் முறைப்பு போனது. மறுசோறு கேட்டார். ஜீப்பில் இருந்த போலீஸ்காரர்களும் ஒவ்வொருவராக இறங்கி இலை முன்னால் உட்கார்ந்தார்கள். காவலுக்கு ஆள் இல்லாததால் அண்ணனும் இறங்கி வந்து, இந்தச் சாமை எந்தச் சரிவில் விளைந்தது, யார் வீட்டு உரலில் குத்தியது என்று விலாவாரியாக விளக்கினார். சப்-இன்ஸ்பெக்டர் கை கழுவி, பூட்டை ஜீப்புக்குள் போடச் சொன்னார். பிறகு சப்-இன்ஸ்பெக்டரே அண்ணனின் சட்டைப்பையிலிருந்து சாக்பீஸை உருவி, கதவில் தன் கையாலேயே நான்காவதாக ஒரு 'கீது' எழுதினார். ஜனம் கைதட்டியது.

அண்ணன் தோள் துண்டை எடுத்து அந்த நான்காவதைத் துடைத்துவிட்டார்.

கைதட்டல் நின்றது. "ரூல்படி மூணுதானுங்க" என்றார் அண்ணன். சப்-இன்ஸ்பெக்டர் அவரையே பார்த்தார். பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு வருவதாகச் சொல்லிவிட்டு வண்டி ஏறினார். அப்படியே வரவும் செய்தார். அதற்குப் பிறகு அந்த மெஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கவே காத்திருக்க வேண்டியிருந்தது.

ஜீப் போனதும் ஊரே கொண்டாடியது. அண்ணன் மட்டும் கடைசி பெஞ்சில் இலை முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தார். சோற்றைப் பிசையவில்லை. பக்கத்தில் போனேன்.

"என்னிய இட்னு போயிருந்தாக்கூடப் பரவால்ல தம்பி. சரசு கடைய மூடிருந்தா, நான் இன்னா மூஞ்சிய வெச்சினு இந்தப் பக்கம் வருவேன்?"

வாளியை வாங்கிவந்து அவர் இலையில் ரசத்தை ஊற்றி, அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றேன்.