அப்பாவின் போனுக்குள் மாட்டிக்கொண்டேன்

காஞ்சிபுரம்,
வியாழன் இரவு.

பேரன்புள்ள ஜீவிதா அக்காவுக்கு,

உன் சித்தி மகள் சந்தியா வணக்கத்துடன் எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, தறி எல்லாம் நலம். ஸ்ரீபெரும்புதூர் விடுதியில் நீயும் உன் தோழிகளும் நேரத்துக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் மட்டும் நலமில்லை. காய்ச்சல் இல்லை, பயம்.

போனில் பேசாமல் ஏன் காகிதத்தில் எழுதுகிறாள் என்று நினைப்பாய். வீட்டில் இருப்பது ஒரே போன், பிரச்சினையே அதுதான். பொங்கலுக்கு வந்தபோது நீ அப்பா போனில் எனக்கு ரகசியமாக ஒரு வீடியோ கணக்கு தொடங்கிக் கொடுத்தாய் அல்லவா, உன் நம்பரைப் போட்டு, பாஸ்வேர்டும் நீயே வைத்து? அதில் நான் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு அப்பா மாதிரி பேசிப் போடுகிறேன். புடவை வாங்க வருகிறவர்களிடம், "இதுக்கு மேல கொறைக்கணும்னா தறியையே பிரிச்சு எடுத்துக்கினு போங்கமா" என்று முறைப்பாரே, அவர்கள் எழுந்து போனதும் தெருமுனை வரை பின்னாலேயே ஓடி, "செருப்பு மாட்டிக்கினீங்களா? சரி, கோவிச்சுக்காதீங்கமா, உங்களுக்காகப் போனா போவுது" என்பாரே, அதெல்லாம்தான். என் வகுப்பே பார்த்துச் சிரிக்கிறது. அப்பா பார்த்தால் என் கதி என்ன?

வீடியோ போட்டதும் ஆப்பை விரலால் மேலே தள்ளிவிடுவேன், மறைந்துவிடும். வெளியே வந்துவிட்டேன் என்றே நினைத்திருந்தேன். நேற்று கம்ப்யூட்டர் டீச்சர் சொல்கிறார், ஒரு தடவை பாஸ்வேர்டு போட்டு உள்ளே போனால் ஆப் அதைப் போனுக்குள்ளேயே குறித்து வைத்துக்கொள்ளுமாம், நாமாக லாக்-அவுட் கொடுக்கும்வரை யார் திறந்தாலும் நாம்தான் என்று எண்ணி உள்ளே விடுமாம். பள்ளி விட்டதும் ஓடிவந்து போனை அணைத்துப் போட்டேன், சிம்மைக் கழற்றித் துடைத்து மாட்டினேன், திறந்தால் அது என் கணக்கையே காட்டி வரவேற்கிறது. லாக்-அவுட் எங்கே என்று தேடுவதற்குள் அப்பா பிடுங்கிக்கொண்டு, "பரீட்சை வருது, இன்னும் உனக்கு போனா?" என்று விரல்ரேகைப் பூட்டு போட்டுவிட்டார்.

சற்று முன் அவர் தூங்கும்போது ஒவ்வொரு விரலாக வைத்துப் பார்த்தேன். பட்டு இழை ஓடி ஓடி ரேகையெல்லாம் தேய்ந்து கிடக்கிறது, எந்த விரலைத்தான் அந்தப் போன் ஏற்றுக்கொண்டதோ! கால் கட்டைவிரலை வைத்தபோது புரண்டு படுத்து, "கொசு" என்றார்.

அப்பாவுக்கு அந்த ஆப்பைத் திறக்கத் தெரியாது என்பதுதான் இதுவரை ஆறுதல். ஞாயிறு அன்று எதிர்வீட்டு மாணிக்கவேல் மாமா வந்து, அதிலேயே புடவைப் படம் போடக் கற்றுக்கொடுக்கப் போகிறாராம். ஆகவே அக்கா, உன் போனில் பாஸ்வேர்டு போட்டு உள்ளே போய், "எல்லாப் போன்களிலிருந்தும் வெளியேற்று" என்பதை அழுத்திவிடு. எனக்குப் பாஸ்வேர்டு நினைவில்லை; அது ஒரு நாளாவது கேட்டிருந்தால்தானே! ஞாயிறு காலை நீயும் அவசியம் வந்து என் பக்கத்தில் நில். பக்கத்து வீட்டுக் கலையரசி அக்கா விடிந்ததும் உங்கள் கம்பெனி பஸ்ஸில் வருகிறாள், அவள் டிபன் பையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

பெரியம்மா, பெரியப்பாவுக்கு என் வணக்கம். உனக்கு ஏகாம்பரநாதர் துணை, எனக்கு நீ துணை.

இப்படிக்கு,
நடுங்கும் தங்கை
சந்தியா

பி.கு.: மாணிக்கவேல் மாமா ஞாயிறு வரை பொறுக்காமல் இன்று, வெள்ளி விடியற்காலையே வந்துவிட்டார். ஆப் திறந்தது. அப்பா எல்லா வீடியோவையும் பார்த்தார். "யாருடி இந்தப் பொண்ணு?" என்றதும் என் வாயில் உன் பெயர் வந்துவிட்டது. நம்பரும் உன்னுடையதுதான் என்று மாமா சாட்சி சொன்னார். அப்பா கண்ணில் நீர் வரச் சிரித்து, "நம்ம ஜீவிதாவா! இவ்ளோ தெறமைய வச்சிக்கினு கம்பெனில ஸ்க்ரூ முடுக்கிக்கினு இருக்குதே!" என்று தெருவையே கூப்பிட்டுக் காட்டிக்கொண்டிருக்கிறார். ஞாயிறு அன்று மாகறலிலிருந்து கல்யாணப் புடவைக்கு ஆட்கள் வருகிறார்களாம், அவர்கள் முன்னால் நீ நேரில் பேசிக் காட்ட வேண்டுமாம். எனவே எதையும் அழுத்தாதே. ஞாயிறு வரவும் வராதே. வந்தே தீருவாய் என்றால், அப்பா மாதிரி பேசப் பழகிக்கொண்டு வா.