அனுமானம் டிரைவரின் கண் பரிசோதனை

தமிழ்நாட்டில் பஸ் ஓட்டிய ஒரே சௌத்திராந்திகர் எங்கள் ‘அனுமானம்’ டிரைவர்தான். இன்னொருவர் இருந்திருந்தால் ஊர் தாங்கியிருக்காது.

எழுபதுகளின் கடைசியில், திருவண்ணாமலையிலிருந்து கீழ்பென்னாத்தூர் பள்ளிக்கூடத்துக்குப் பாடம் நடத்த நான் தினமும் அவர் பஸ்ஸில்தான் போய்வந்தேன். அவர் பரம்பரைச் சைவர், நெற்றி நிறைய விபூதி. பௌத்தர் கட்சிக்கு அவர் தாவியது தற்செயல். ஒரு சைவ வகுப்பில் சேர்ந்திருந்தார். அங்கே எதிராளியின் கொள்கையை ஒரு வாரம் விளக்குவார்கள். அடுத்த வாரம் அதை மறுப்பார்கள். சௌத்திராந்திகம் என்ற பௌத்தப் பிரிவை விளக்கிய ஞாயிற்றுக்கிழமை இவர் முன்வரிசையில் இருந்தார். மறுத்த ஞாயிற்றுக்கிழமை இவருக்கு டியூட்டி.

அந்தப் பழைய பௌத்தர்கள் சொன்னது இவ்வளவுதான்: எந்தப் பொருளும் ஒரு கணத்துக்கு மேல் நிற்பதில்லை. நாம் பார்ப்பதற்குள் போய்விடுகிறது. அது நம் அறிவில் பதித்துவிட்டுப் போன சாயலைத்தான் காண்கிறோம். சாயல் இருப்பதால் பொருளும் இருந்திருக்கும் என்று அனுமானிக்கிறோம். வகுப்பில் மற்றவர்கள் கொட்டாவி விட்டார்கள். இவர் அதை ஸ்டியரிங்கில் கடைப்பிடித்தார்.

ஒரு நாள் பஸ் நடுரோட்டில் நின்றது. தூரத்தில் ஓர் எருமை.

“அது ஓரமாத்தானே நிக்குது, போங்களேன்” என்றார் கடலை மூட்டையோடு வந்த அம்மாள்.

“நின்னுச்சும்மா. இப்ப எங்க இருக்குதோ, யாரு கண்டா?”

எருமை அசையவில்லை. பஸ்ஸும் அசையவில்லை. கடைசியில் எருமைக்குத்தான் பொறுமை போயிற்று.

தினமும் லேட்டாகப் போய் ஹெட்மாஸ்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஆனால் அனுமானத்தின் வண்டி ஒரு கோழியைக்கூட உரசியதில்லை.

பிறகு கண் பரிசோதனை வந்தது. டாக்டர் எழுத்து அட்டையைக் காட்டினார்.

“இது என்ன எழுத்து?”

“‘ப’ன்னு அனுமானம் பண்றேங்க.”

“தெரியுதா, தெரியலையா?”

“சாயல் தெரியுதுங்க. எழுத்தையே பார்த்தேன்னு சொன்னா பொய்யாயிடும்.”

கடைசி வரிப் பொடி எழுத்து வரை சரியாக அனுமானித்தார். டாக்டர் ‘தகுதியில்லை’ என்று எழுதிவிட்டார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது.

முதலாளி அனுமானத்தை ஷெட்டில் வண்டி கழுவ விட்டார். மறுபரிசோதனையிலும் தவறினால் வேலையே இல்லை. வீட்டில் மூன்று பெண்கள் படித்துக்கொண்டிருந்தார்கள். பதிலுக்கு வந்த டிரைவர் எல்லாவற்றையும் நேரடியாகவே பார்த்தார். முதல் வாரமே ஒரு மைல்கல்லைச் சாய்த்தார்.

“‘தெரியுது’ன்னு ஒரு வார்த்தை சொல்லித் தொலைங்களேன்” என்று அனுமானத்திடம் கெஞ்சினேன்.

“பார்க்காததைப் பார்த்தேன்னு எப்படி சார் சொல்றது?”

மறுபரிசோதனைக்கு லீவு போட்டுவிட்டு நானும் கூடப் போனேன். உட்காரச் சொன்னார்கள்; நான் உட்காரவில்லை. டாக்டர் அட்டையைத் தூக்கிப் பிடித்தார்.

“தெரியுதா?”

அனுமானம் அட்டையைப் பார்த்தார். பிறகு திரும்பி, கதவோரம் நின்ற என்னைப் பார்த்தார்.

“தெரியுதுங்க” என்றார். வரிசையாக எழுத்துகளையும் ஒப்பித்தார்.

வெளியே வந்ததும் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். “பொய் சொல்லிட்டேன் சார்.”

“அப்புறம் ஏன் சொன்னீங்க?”

“உங்க மூஞ்சியோட சாயல் தெரிஞ்சுது. என்னைவிட ஜாஸ்தி பயந்துபோய், எனக்கோசரம் ஒருத்தர் அங்க நிக்கிறார்னு அனுமானம் பண்ணேன்.”

அனுமானம் சரிதான். எனக்கு அந்த மனிதர்மேல் அவ்வளவு பிரியம்.