பெயர் எழுதிய டப்பாக்கள்

படித்தவர்களிடம் ஒரு வியாதி உண்டு. எந்தக் குழப்பத்தையும் ஒரு தாளில் எழுதி ஒட்டிவிட்டால் சரியாகிவிடும் என்று நம்புவார்கள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போய், கல்லூரியும் போனவள் நான்தான். அதனால் அந்த வியாதி எனக்குத்தான் முதலில் தொற்றியது. (அப்போது ஊரே வேறொரு தொற்றைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது.)

சிதம்பரத்தில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் அப்பா மெஸ் நடத்துகிறார். ஆறு மேசை. அம்மா சமைப்பார், அப்பா பரிமாறுவார். கடலூரில் எம்.காம். படித்துக்கொண்டிருந்த நான், கொரோனாவில் கல்லூரியை மூடியதும் பெட்டியோடு வந்து இறங்கினேன். கடையில் நாற்காலிகள் மேசைமேல் கவிழ்ந்து கிடந்தன. பார்சல் மட்டும்தான் என்று உத்தரவு.

தினமும் வருகிறவர்கள் வாசலில் சுண்ணாம்பு வட்டங்களுக்குள் நின்றார்கள். பல வருடமாக அவரவர் நாற்காலியில் உட்கார்ந்து, இன்னது வேண்டும் என்று வாய் திறந்து கேட்காமலே சாப்பிட்டவர்கள். செருப்புக்கடை பாய் பார்சலை வாங்கிப்போய், பாதி இறக்கிய ஷட்டருக்குப் பின்னால் செருப்புப் பெட்டிகளுக்கு நடுவே சாப்பிட்டார். சர்வேயர் சார் பாடு இன்னும் மோசம். மனைவி போன பிறகு வீட்டில் அவர் ஒருவர்தான். தட்டை வைத்துக்கொண்டு அப்பாவுக்கு போன் போடுவார்.

"ஏகாம்பரம், போன வைக்காத. கரண்டி சத்தம் கேட்டாதான் சோறு எறங்குது."

அப்பா போனை ஸ்பீக்கரில் போட்டு அடுப்படி ஜன்னலில் வைப்பார். பாத்திரம் உருளும் சத்தத்தைத் தொட்டுக்கொண்டு அந்த மனிதர் சாப்பிடுவார்.

பார்சல் கட்ட அப்பாவிடம் ஒரு முறை இருந்தது. சணலில் ஒரு முடிச்சு போட்டால் மீன் குழம்பு. இரண்டு முடிச்சு சைவம். ரப்பர் பேண்ட் என்றால் சப்பாத்தி. எனக்கு அது கற்காலமாகத் தெரிந்தது. (வணிக மேலாண்மையில் முதல் வகுப்பு!) மூடி போட்ட வெள்ளை டப்பாக்களை வரவழைத்தேன். ஒவ்வொன்றின் மேலும் தாள் ஒட்டி, பெயரும் சாப்பாடும் முத்துமுத்தாக எழுதினேன்.

"இப்படிதாம்பா வைக்கணும். நீட்டா இருக்கா?"

அப்பா டப்பாக்களை ஒரு நிமிடம் பார்த்தார். "நல்லாருக்கும்மா" என்றார்.

அன்று பன்னிரண்டு மணிக்கு எனக்கு ஆன்லைன் தேர்வு. சிக்னல் மொட்டை மாடியில்தான் கிடைக்கும். முப்பது டப்பாக்களையும் நிரப்பி அடுக்கி வைத்துவிட்டு, கடையையே காப்பாற்றிவிட்ட பெருமையோடு மேலே போனேன்.

இறங்கி வந்தபோது வாசலில் வட்டங்கள் மட்டும்தான் ஒழுங்காக இருந்தன. மகனுக்காக வேண்டிக்கொண்டு மூன்று வருடமாக மீன் தொடாத பூக்கடை அக்கா, ஒரு டப்பாவைக் கையை நீட்டித் தூரமாகப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"என்னாண்ணே இது? தொறந்தா மீன் கண்ணு என்னயே பாக்குது!"

"அப்ப என் மீனு அங்கதான் இருக்கா?" என்றார் பாய். "எனக்குச் சப்பாத்தி வந்திருக்கு. எனக்குச் சக்கரன்னு யாரு சொன்னாங்க?"

சர்க்கரை இருக்கிற சர்வேயர் சார் கையில் முழுச் சோறும் பாயசமும். அவர் மட்டும் புகார் சொல்லவில்லை.

அப்பா ஒரு டப்பாவை எடுத்து முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனார், தள்ளிப் பிடித்தார், திரும்பவும் கிட்டே கொண்டுபோனார். கழுத்தில் வேர்வை வழிந்தது.

மூன்றாம் வகுப்பிலிருந்து அந்த மனிதருக்கு கரண்ட் ஆபீஸ் நோட்டீஸ் முதல் கல்யாணப் பத்திரிகை வரை படித்துக் காட்டியவள் நான். அது எனக்கு நினைவு வந்திருக்க வேண்டும். வரவில்லை. மாறாக, தெரு முழுக்கக் கேட்கும்படி கத்தினேன்.

"அப்பா! மேலயே பெருசா எழுதியிருக்கேனே, அதக்கூடப் படிக்க மாட்டீங்களா?"

சொல்லி முடித்த பிறகுதான் நான் சொன்னது என் காதிலேயே விழுந்தது. இத்தனை வருடம் இந்தக் கடையில் யாருக்கும் தெரியாமல் அவர் வைத்திருந்த ஒன்றை நடுத்தெருவில் போட்டு உடைத்திருந்தேன். மாஸ்க்குக்கு மேலே அப்பாவின் கண்கள் மட்டும் தெரிந்தன. என்னைப் பார்க்காமல் அவர் சொன்னார்:

"கண்ணாடிய வீட்டுல வச்சிட்டு வந்துட்டேன்."

அப்பாவிடம் கண்ணாடி இருந்ததே கிடையாது. சோற்றில் கிடக்கும் முடியை அடுத்த மேசையிலிருந்து கண்டுபிடிக்கிற கண் அது.

சர்வேயர் சார்தான் வாயைத் திறந்தார். "இந்த வயசுல கண்ணாடி இல்லாம எவனுக்குய்யா தெரியிது? எனக்கே இது பாயசமா மோரான்னு தெரியல." சொல்லிவிட்டு அதைக் குடித்தும்விட்டார். பாய் வட்டத்தைத் தாண்டி வந்து அக்காவிடம் டப்பாவை மாற்றிக்கொண்டார். நான் உள்ளே போய், சமையலை முடித்துவிட்ட அம்மாவின் பக்கத்தில் நின்று, யாரும் கேட்காத வெங்காயத்தை உரித்தேன்.

அப்பா அன்று என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

மறுநாள் சணல் திரும்பி வந்தது. சர்வேயர் சாரும் ஒரு பழைய கண்ணாடியோடு வந்தார். "சும்மாதான் கெடந்திச்சி ஏகாம்பரம், போட்டுக்க." அவருக்கு எப்போதிலிருந்து தெரியும் என்று நான் கேட்டதில்லை. அப்பா மாட்டிக்கொண்டார். அதைப் போட்டால் அவருக்குத் தலை வலிக்கும். ஆனாலும் கட்டுப்பாடுகள் போய், நாற்காலிகள் தரைக்கு இறங்கிய பிறகும், அதை மூக்கின் நுனிக்குத் தள்ளி மேலாகப் பார்த்தபடிதான் பரிமாறுகிறார்.

எங்கள் வீட்டில் யாருக்காவது வேலை செய்ய மனமில்லை என்றால், "கண்ணாடிய வச்சிட்டு வந்துட்டேன்" என்று சொல்வது இப்போது வழக்கமாகிவிட்டது. தம்பியைக் குப்பை கொட்டச் சொன்னால் சொல்வான். அம்மாகூடச் சொல்வார். முதலில் சிரிப்பது அப்பாதான். நான் எல்லோரும் சிரித்து முடித்த பிறகு சிரிப்பேன்.

போன வருடம் என் பட்டச் சான்றிதழை வாங்கிவந்து கடையில் அவரிடம் கொடுத்தேன். கூட்டம் இருந்தது. கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் பார்த்து, "நல்லா போட்டிருக்கான்" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். மதியப் பந்தி முடிந்து கடை காலியானதும் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்தார்.

"இதுல உம் பேரு எங்கம்மா இருக்கு?"

விரலை வைத்துக் காட்டினேன். நான் விரலை எடுத்த பிறகும் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.