விளாங்குடி நகவெட்டிப் படலம்

வாழி! காதுகுத்தையும் கல்யாணத்தையும் கேமராவால் கட்டியாளும் கோமான், ட்ரோன் பறக்கவிட்டுத் தென்னந்தோப்புகளை நடுநடுங்க வைத்த தோன்றல், மனைவி பெயரையே கடைக்குச் சூட்டி இல்லறப் போரில் நிரந்தர உடன்படிக்கை கண்ட பேரறிவாளன், விளாங்குடி ‘தமிழ்வாணி ஸ்டூடியோ’ சூர்யபிரகாஷ் வாழி! ஆயுத பூஜையன்று அம்மாவீரன் பட்ட பாட்டைச் சொல்கிறேன், கேளுங்கள்.

அன்று காலை கேமராக்களும் கணினியும் ஸ்க்ரூடிரைவர்களும், சமையலறையிலிருந்து சிறைபிடித்து வரப்பட்ட கத்தியும் அரிவாள்மணையும், சந்தனமும் குங்குமமும் தரித்து மேசைமேல் அணிவகுத்து நின்றன. எல்லாவற்றுக்கும் உச்சியில், கேமராப் பெட்டிமேல், கணினியோடு வயரால் பிணைக்கப்பட்டு ஹார்ட் டிஸ்க் வீற்றிருந்தது. விளக்கு மினுக்கினால்தான் சாமிக்கு முன் லட்சணம் என்று அதற்குக் கரண்ட் வேறு கொடுத்திருந்தான். அதன் வயிற்றில் இருந்தது, பரவை மார்க்கெட் காய்கறி வியாபாரி பேயாண்டி தன் தங்கை மகன் காதுகுத்துக்கு மேளதாளத்தோடு கொண்டுவந்த தாய்மாமன் சீர் ஊர்வலம். வேறு பிரதி கிடையாது. அடுத்த விசேஷத்துக்காக மெமரி கார்டுகளை முந்தின நாள்தான் துடைத்திருந்தான். ஊர்வலத்தைப் பார்க்கப் பேயாண்டி அன்று சாயங்காலமே வருகிறார்.

தமிழ்வாணி சூடம் காட்டினாள். மணி முழங்கியது. வீரன் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். விழுந்த வேகத்தில் நீண்ட கை வயரில் சிக்க, வயர் டிஸ்க்கை இழுக்க, டிஸ்க் தலைகுப்புறத் தரையில் மோத, அந்தோ! கும்பிட்ட கையே கவிழ்த்த கொடுமையை யாரிடம் சொல்வது! வயர் செருகும் வாய் உடைந்து தொங்கியது, விளக்கு அணைந்தது.

உறை உடைந்தாலும் உள்ளே உயிர் இருக்கலாம். பரணில் கிடக்கும் பழைய உறைக்கு மாற்றினால் பிழைக்கலாம். துணிந்து ஸ்க்ரூடிரைவரை நோக்கிக் கை நீட்டினான். அப்போது தமிழ்வாணியின் ஆணை பிறந்தது: “சாமிக்கு வச்சத நாளைக்குக் காலையில எடுக்குற வரைக்கும் தொடக் கூடாது! தொட்டா இந்த வருசம் ஒரு ஆர்டர் வராது, சொல்லிப்புட்டேன். டிஸ்க்கு தானா எறங்கி வந்துருச்சு, அத வேணா எடுத்துக்கங்க.”

காளவாசலில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் நண்பன் செல்வக்குமாருக்குப் போன் பறந்தது. “மாப்ள, என் ஸ்க்ரூடிரைவரும் பொட்டு வச்சுக்கிட்டு சாமிகிட்டதான் உக்காந்துருக்கு. நாளைக்கு வா!”

ஆக, மதுரை மாநகரிலேயே அன்று தொடத்தக்க இரும்பு இல்லை. சீரைக் காணோம் என்று பேயாண்டியிடம் எந்த வாயால் சொல்வது? சூர்யபிரகாஷுக்கு அழுகையே வந்துவிட்டது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தான். குளியலறை ஜன்னலில், பொட்டு வாங்காத பெரும்படை ஒன்று தனித்துக் கிடந்தது. நகவெட்டி! பாய்ந்து எடுத்தான். அதன் நுனியால் உறையை நெம்பினான், குத்தினான், கிளறினான், வியர்வை ஆறாய் ஓடச் சாயங்காலம் வரை பொருதான். நகம் வெட்டப் பிறந்த கருவி கையிலிருக்க, அவன் கட்டைவிரல் நகமே முறிந்தது. உறை வாய்பிளந்தது. உள்ளிருந்த டிஸ்க் பழைய உறைக்குள் குடிபுகுந்தது.

கணினியோ பூஜையில். “டிவி என்ன வேலையா பாக்குது? அதுக்கு நான் பொட்டே வைக்கல” என்று தமிழ்வாணி அருள்பாலிக்க, டிஸ்க் டிவியில் செருகப்பட்டது. திரை இருண்டே கிடந்தது. அந்நேரம் பார்த்து வாசலில் புல்லட் உறுமியது. வெள்ளை வேட்டி சரசரக்க உள்ளே வந்து சோபாவை நிறைத்தார் பேயாண்டி.

“என் சீரு ஒரு தட்டுக் கொறயாமத் தெரியணும், தம்பி! அம்புட்டையும் என் கண்ணால பாக்கணும்!”

டிஸ்க் முனகியது, சுழன்றது, விளக்கு மினுக்கியது! மேளம் அதிர்ந்தது! தட்டு தட்டாய், மாலை மாலையாய், ஆட்டுக்கிடா முன்னே வர, சீர்ப்பெருவெள்ளம் திரையெங்கும் புரண்டோட, வென்றேன் வென்றேன் என்று சூர்யபிரகாஷ் நகவெட்டியை உயர்த்தித் தமிழ்வாணியைச் சுற்றி ஒரு கூத்தே ஆடினான்.

பேயாண்டி மூக்குக்கண்ணாடியை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார்.