துரையின் வேட்டை

“சும்மா சோறு இங்க யாருக்கும் கெடையாது!”

திண்டிவனத்தில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலைக்கு மண்டி வைத்திருந்த கோதண்டபாணி, எலி கடித்த மூட்டையைத் தூக்கிக் காட்டிக் கத்தினார். வேலையாட்கள் நடுங்கினார்கள். திட்டு வாங்கிய ஆசாமியோ மூட்டைமேல் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தது. அது மண்டிப் பூனை. வெள்ளைத் தோல் என்பதால் துரை என்று பெயர்.

“நாளையிலேர்ந்து இது எலி புடிக்கணும். இல்லேன்னா கோணியில போட்டு ஏரிக்கு அந்தாண்ட விட்டுட்டு வாங்க!”

துரை எங்கே பிடிப்பது? இரண்டு கண்ணிலும் பூ விழுந்துவிட்டது. வாயில் ஒரு பல் கிடையாது. மண்டியில் மல்லாட்டை புடைக்கும் குப்பம்மாள்தான் வெந்நீரில் துணி நனைத்து அதன் கண்ணைத் துடைப்பாள்; கருவாட்டை முள் நீக்கிச் சோற்றோடு மசித்து ஊட்டுவாள். பெற்ற பிள்ளைகளுக்குக்கூட அவள் இத்தனை பொறுமையாக ஊட்டியதில்லை. ஏரிக்கு அப்பால் விட்டால் அந்தக் கிழம் ஒரு நாள் தாங்குமா?

சாயங்காலம் வேலை முடிந்ததும், வயலில் எலி பிடிக்கும் பெரியதம்பியிடம் ஓடினாள்.

“அண்ணே, தெனம் ஒரு செத்த எலி குடு. யாராண்டயும் சொல்லாத.”

“எலிக்கா பஞ்சம்? எடுத்துக்கினு போ” என்றான் அவன்.

மறுநாள் துரையின் காலடியில் எலி கிடந்தது. கோதண்டபாணி அதை வாலைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தார்.

“இது வயலெலியாச்சே! மண்டிக்குள்ள ஏது?”

குப்பம்மாளுக்கு உயிர் போய் வந்தது. மல்லாட்டை வியாபாரிக்கு வயலெலி தெரியாதா? அவசரத்தில் இதை மறந்துவிட்டாளே!

“துரை... ஏரிக்கரை வரைக்கும் வேட்டைக்குப் போய்க்கினு வருதுங்க, மொதலாளி!”

“அடேங்கப்பா!” என்றவர், துரைக்கு இரண்டு வேளை பால் ஊற்றச் சொன்னார்.

மண்டியாட்கள் வாய் சும்மா இருக்குமா? வண்டிக்காரர்கள் மூலம் துரையின் புகழ் விழுப்புரம்வரை போனது. அங்கே மண்டி வைத்திருந்த கோதண்டபாணியின் மச்சான் சீனுவாசன், ஒரு நாள் கரியில் ஓடும் பஸ்ஸில் கூடையோடு வந்து இறங்கினார்.

“மாமா, என் மண்டியில எலி பேஜாரு தாங்கலை. பூனையை ஒரு மாசம் குடுங்க.”

கோதண்டபாணி தலையைச் சொறிந்தார். குப்பம்மாள் முந்திக்கொண்டாள்.

“அதுக்கு ஒடம்பு சரியில்லீங்க.”

“விழுப்புரத்துல மாட்டாஸ்பத்திரி இருக்கு, காட்டிக்கிறேன்.”

“நான் பக்கத்துல இருந்தாத்தான் வேட்டையாடுங்க.”

“அப்ப நீயும் கெளம்பு! ஆனா மொதல்ல ஒரு எலி புடிக்கச் சொல்லு, பாக்கலாம். ஜல்தி!”

அன்றைக்கென்று பார்த்துப் பெரியதம்பி உயிரெலி கொடுத்திருந்தான். மூடிய பானைக்குள் அது குடைந்துகொண்டிருந்தது. அங்காளம்மா, நீதான் காப்பாத்தணும் என்று வேண்டிக்கொண்டு, யாரும் பார்க்காதபடி அதைத் துரையின் மூக்கருகே விட்டாள்.

எலி துரையின் முதுகில் ஏறி இறங்கியது. கிண்ணத்துப் பாலைக் குடித்தது. பிறகு துரையின் வயிற்றோரம் கதகதப்பாக ஒண்டிக்கொண்டது. துரை அதை அன்போடு நக்கிக் கொடுத்தது.



“மச்சான், இன்னிக்கு ஏகாதசி” என்றார் கோதண்டபாணி, முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல். “துரை விரதம்.”

“நல்ல பூனை, நல்ல விரதம்!” என்று சீனுவாசன் வெறுங்கூடையோடு பஸ் ஏறினார்.

குப்பம்மாளுக்குத்தான் மனசு கேட்கவில்லை. எதைச் சொன்னாலும் நம்புகிற இந்த வெள்ளந்தி மனுஷனையா ஏமாற்றுவது? நேரே பெரியதம்பியிடம் போனாள்.

“அண்ணே, இனிமே எலி வேணாம். மொதலாளி கால்ல விழுந்து உண்மையைச் சொல்லிடப் போறேன். துரையைத் தொரத்தினா நானும் அதோட போயிடுறேன்.”

பெரியதம்பி விழுந்து விழுந்து சிரித்தான்.

“அட போம்மா! அன்னிக்கு நீ வர்றதுக்கு முன்னாடியே ஒங்க மொதலாளி இங்க வந்துட்டாரு. ‘குப்பம்மா எலி கேட்டு வருவா, இல்லேன்னு சொல்லிடாத. நான் வந்ததை மட்டும் மூச்சு விடாத. தெரிஞ்சா மண்டியில ஒரு பய எனக்கு பயப்பட மாட்டான்’னாரு!”