நமுத்துப்போன குண்டுகள்

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்ட கையோடு மாஸ்டர் ஒரு முடிவுக்கு வந்தார். பின்னறையை மீட்டே தீருவது. சத்தம் போட்டுக் கேட்டால் கிடைக்காது என்பது இத்தனை வருடத் தாம்பத்தியத்தில் அவர் படித்திருந்த பாடம். ஆகவே சத்தமில்லாமல் மீட்பது.

மாஸ்டர் என்றால் கராத்தே மாஸ்டர் இல்லை. கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். வாரத்தில் ஆறு நாள், பிரேக் எது, ஆக்ஸிலரேட்டர் எது என்று தெரியாதவர்களின் பக்கத்தில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் இன்னொரு பிரேக்கை நம்பி உயிர் வாழ்பவர். அப்படிப்பட்டவருக்கு ஏழாவது நாள் நகராத ஓர் இடம் வேண்டும். அந்த இடம்தான் பின்னறை. ஒரு சாய்வு நாற்காலி, ஒரு மின்விசிறி. அதற்கு மேல் அவர் ஆசைப்பட்டதில்லை.

இப்போது அந்த நாற்காலியில் சமையல் சோடா மூட்டை ஒன்று கால் நீட்டாத குறையாக உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் சிட்ரிக் ஆசிட், சோள மாவு, வாசனை எண்ணெய் புட்டிகள், உருண்டை பிடிக்கும் அச்சுகள். வீட்டம்மா பாத் பாம் செய்ய ஆரம்பித்திருந்தார். குளிக்கிற தொட்டியில் போட்டால் நுரைத்துக்கொண்டு கரையும் வாசனை உருண்டை. மருந்துக் கடையில் அரை நாள் வேலை பார்த்துவிட்டு வந்து, மீதி அரை நாள் இதை உருட்டுவார். மாத்திரை எண்ணிப் பழகிய கை. ஒரு உருண்டைக்கும் இன்னொன்றுக்கும் எடையில் குன்றிமணி வித்தியாசம் இருக்காது.

ஆரம்பத்திலேயே மாஸ்டர் ஆட்சேபம் தெரிவித்துப் பார்த்தார்.

"நம்ம வீட்டுல தொட்டியே கிடையாதே. வாளியிலதானே குளிக்கிறோம்?"

"டெய்லர் தைக்கிறதையெல்லாம் அவங்களேவா போட்டுக்கிறாங்க?"

"அதுக்கில்ல. பாம்னு பேரு வச்சிருக்கு. போலீஸ் கீலீஸ் வந்துடப் போகுது."

"வந்தா ஆளுக்கு ஒண்ணு குடுத்தனுப்புங்க. பாவம், அவங்களும் குளிக்கட்டும்."

ஆட்சேபம் அத்தோடு தள்ளுபடி ஆனது.

அப்போதுகூட மாஸ்டர் பெரிதாகக் கவலைப்படவில்லை. ஆசை நாலு நாள் என்று நினைத்தார். ஆனால் ஊருக்கு வெளியே புதிதாகத் திறந்த தங்கும் விடுதியின் மேலாளர் மாதிரிக்குக் கொடுத்த உருண்டையில் குளித்துப் பார்த்துவிட்டு, நூறு கேட்டுவிட்டார். மாதக் கடைசியில் தர வேண்டும். சரியாக இருந்தால் மாதா மாதம் வேண்டும். அந்த 'மாதா மாதம்' மாஸ்டரின் நெஞ்சில் கல்லாக விழுந்தது. பின்னறை நிரந்தரமாகப் போய்விடும்.

வழியையும் வீட்டம்மாவே காட்டிக்கொடுத்தார். அன்று சாயங்காலம் குளித்துவிட்டு மாஸ்டர் எட்டிப் பார்த்தபோது வாசலிலேயே தடுத்தார்.

"ஈரக் காலோட உள்ள வராதீங்க. இதுக்கு ஈரம் ஆகாது. காத்துல ஈரம் இருந்தாலே போதும், நமுத்துப் போய் உள்ளுக்குள்ளேயே பொங்க ஆரம்பிச்சிடும். மேலெல்லாம் பரு மாதிரி கிளம்பி வெடிச்சிடும்."

"அப்படியா? பாவமே" என்றார் மாஸ்டர். மகிழ்ச்சியில் அவர் வலது கால் தரையில் இல்லாத பிரேக்கை அழுத்தியது.

மறுநாள் காலை காபி குடிக்கும்போது அறிவித்தார்.

"இனிமே துணி நான் துவைக்கிறேன்."

வீட்டம்மா கோப்பையைக் கீழே வைத்தார். "உடம்புக்கு ஏதாவது செய்யுதா?"

"நீ கடைக்கும் போயிட்டு வந்து, இதையும் உருட்டிட்டு, துணியும் துவைச்சுக்கிட்டு. பார்க்கவே கஷ்டமா இருக்கு."

"மெஷின்ல எந்தப் பட்டன்னு தெரியுமா?"

"கியர் போடத் தெரிஞ்சவனுக்குப் பட்டன் ஒரு விஷயமா?"

"சரி. பால்கனியில காயப் போடுங்க."

"அங்க ஒரே புறா. பின்னறையில கொடி கட்டிடறேன். மின்விசிறி இருக்கு, சட்டுனு காஞ்சிடும்."

வீட்டம்மா அவரைப் பார்த்தார். டாக்டரின் கிறுக்கல் எழுத்தில் மருந்தின் பெயரைக் கண்டுபிடிக்கிற பார்வை அது. பிறகு, "சரிங்க. உருண்டையை ஒரு மூலையில ஒதுக்கிக்கிறேன்" என்றார்.

இவ்வளவு லேசில் சரி என்றதற்கு மாஸ்டர் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். முதல் நாள் வந்தவர் திடீரென்று ஒழுங்காக ஓட்டினால் உடனே பிரேக்கில் கால் வைக்கிற ஆள்தான் அவர். வீட்டில் அந்தப் புத்தி வேலை செய்வதில்லை.

திட்டம் அன்றே தொடங்கியது. மாஸ்டர் துவைத்தார், அலசினார். மெஷினில் பிழிகிற பட்டனை மட்டும் தொடவில்லை. துணிகள் சொட்டச் சொட்டப் பின்னறைக் கொடிக்குப் போயின. தரையில் குளம் கட்டியது. அதைத் துடைக்காவிட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும் என்பதால் துடைப்பதும் அவர் வேலையாயிற்று. சில நாளில் மூலையில் இருந்த உருண்டைகளில் பரு கிளம்பியது. அதற்கடுத்த நாள் ஒன்று வாயைப் பிளந்தது. மாஸ்டர் சிரிப்பை அடக்கிக்கொள்ள ஒரு தலையணை உறையைப் பல்லால் கடிக்க வேண்டியிருந்தது.

வீட்டம்மா சலிக்காமல் புது உருண்டை வைத்தார். மாஸ்டரும் சலிக்காமல் துவைத்தார். துணியும் நாளுக்கு நாள் கூடியது. துண்டு, விரிப்பு, போர்வை என்று வீட்டம்மா கூடை கூடையாகக் கொண்டுவந்து கொட்டினார். மாஸ்டர் முகம் சுளிக்கவில்லை. துணி கூடினால் ஈரம் கூடும். போகப் போக வேலையில் ஒரு பிடிப்பும் வந்துவிட்டது. வெள்ளையைத் தனியாகப் போட வேண்டும், சட்டைக் காலரைக் கையால் தேய்க்காமல் அழுக்குப் போகாது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி ஆனது. காரில் பக்கத்தில் ஓட்டிப் பழகிக்கொண்டிருந்த பெண், "என்ன மாஸ்டர், கை இப்படிச் சுருங்கிக் கிடக்கு?" என்று கேட்டுவிட்டு ஒரு விளக்குக் கம்பத்தை நூலிழையில் தப்பவிட்டார்.

மாடிப்படியில் ஒரு நாள் மேல் வீட்டு டெய்லரம்மா எதிரே வந்தார். அவர் வீட்டிலேயே தையல் கடை. காலை முதல் மாலை வரை இஸ்திரிப் பெட்டி சூடு ஆறாது.

"அக்காவுக்கு ரொம்ப ஒத்தாசையா இருக்கீங்களாமே மாஸ்டர். எங்க வீட்டுக்காரர்கிட்ட உங்களைப் பார்த்துக் கத்துக்கச் சொன்னேன்."

"என்ன சொன்னார்?"

"வேற வீடு பார்க்கலாம்னு சொல்றார்."

சிரித்துக்கொண்டே மேலே போனார். அவர் போன பிறகும் படியில் கமகமவென்று லாவெண்டர் வாசனை நின்றது. நல்ல சோப்புப் போடுகிறார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார் மாஸ்டர்.

மாதக் கடைசி நெருங்கியது. ஒரு சாயங்காலம் மாஸ்டர் வீடு திரும்பியபோது வீட்டம்மா மேசை முன்னால் உட்கார்ந்திருந்தார். எதிரே தட்டில் பொங்கி வெடித்த உருண்டைகள்.

"எனக்குக் கை வரலை போலிருக்குங்க. விடுதிக்குப் போன் பண்ணி முடியாதுன்னு சொல்லிடவா?"

எந்த வார்த்தைக்காக மாஸ்டர் இத்தனை நாள் துவைத்தாரோ அந்த வார்த்தை. துள்ளிக் குதித்திருக்க வேண்டும். ஆனால் பார்வை அந்தத் தட்டை விட்டு நகரவில்லை. கடையில் யார் யாருக்கோ மருந்து எடுத்துக் கொடுத்தே காலம் தள்ளியவள், முதல்முறையாகத் தனக்கென்று ஒன்று செய்தாள். அதில் போய் ஈரத்துணியைத் தொங்கவிட்டோமே என்று அவருக்குத் தன் மேலேயே வெறுப்பாக இருந்தது. ஒரு தூக்கத்துக்காக இவ்வளவு பெரிய பாவமா என்று மனசு கேட்டது.

நேராகப் பின்னறைக்குப் போனார். கொடியில் இருந்ததையெல்லாம் உருவி வாளியில் போட்டார். திரும்பி வந்து வீட்டம்மா எதிரே நின்றார்.

"உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"ஈரத்துணி விஷயமா?"

மாஸ்டரின் வலது கால் தரையை ஓங்கி மிதித்தது. வண்டி நிற்கவில்லை.

"உனக்கு எப்போ தெரியும்?"

"கொடி கட்டின அன்னைக்கே. மாத்திரை நமுத்துப் போச்சுன்னா கடையில யாரும் மாத்திரையைத் திட்டறதில்ல. ஈரம் எங்கேர்ந்து வருதுன்னுதான் பார்ப்போம். இங்க தேடவே வேண்டியிருக்கல. சொட்டிக்கிட்டே நடந்து போச்சு."

"அப்போ விடுதிக்கு என்ன குடுக்கப் போற?"

"வாங்க."

மாடிக்குக் கூட்டிப் போனார். டெய்லரம்மா ஒரு கால்சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். அறை முழுக்கக் கதகதவென்று உலர்ந்த சூடு. அவருக்குப் பின்னால், வழக்கமாகத் துணிச் சுருள் அடுக்கும் பலகைகளில், நூறு உருண்டைகள் வரிசையாக இருந்தன. ஒன்றிலும் பரு இல்லை, கீறல் இல்லை. படியில் நின்ற அதே வாசனை. எல்லாம் புரிந்தபோது மாஸ்டருக்கு உட்கார வேண்டும் போலிருந்தது. ஒரு முக்காலி கிடைத்தது.

"அப்போ என் அறையில வெடிச்சதெல்லாம்?"

"அடியில மிஞ்சின மாவு. அப்பப்போ நாலு பிடிச்சு வச்சேன். அது வெடிக்கலைன்னா நீங்க துவைக்கிறதை நிறுத்திடுவீங்களே."

டெய்லரம்மா தலையைக் குனிந்து கால்சட்டையில் இல்லாத சுருக்கத்தைத் தேய்த்தார்.

மாஸ்டர் கணக்கைத் தன் பக்கமிருந்து போட்டுப் பார்த்தார். உருண்டை பிழைத்தது. பாவம் கழுவப்பட்டது. முக்கியமாக, உருண்டை காய்வது இங்கே.

"அப்போ பின்னறை எனக்குத்தானே?"

"உங்களுக்குத்தான். மூட்டையெல்லாம் நாளைக்கே இங்க தூக்கிடறேன்."

கடைசியில் ஜெயித்தது தான்தான் என்று மாஸ்டருக்குத் தோன்றியது. ஜெயித்தவன் பெருந்தன்மையாக நடந்துகொள்ள வேண்டுமில்லையா? எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். டெய்லரம்மாவைப் பார்த்து மிகவும் மரியாதையாகச் சொன்னார்.

"இவ்வளவு இடம் ஒதுக்கிக் குடுத்திருக்கீங்க. சும்மா வாங்கிக்கிறது முறையில்ல. பதிலுக்கு எங்க பக்கத்துலேர்ந்து ஏதாவது செய்யணும்."

டெய்லரம்மா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

"என்ன மாஸ்டர் இப்படிச் சொல்றீங்க? மூணு வாரமா எங்க வீட்டுத் துணி பூரா நீங்கதானே துவைக்கிறீங்க."