சி-4 அவர்களுக்கு நன்றி

வெற்றிவேல் அனுமதி வழங்கும் அந்த அலுவலகத்துக்குத் தாம்பூலத் தட்டோடு போனது அது மூன்றாவது முறை. தட்டில் வெற்றிலை பாக்கு, ஒரு சீப்பு வாழைப்பழம், ஒரு கிலோ மைசூர்பாகு. வியாழக்கிழமை வாங்கும்போது பழம் நல்ல மஞ்சளாக இருந்தது. இன்று திங்கட்கிழமை. அதன் தோலில் கறுப்புப் புள்ளிகள் விழுந்திருந்தன.

முன்கவுன்டரில் இருந்த முகிலன் முதலில் தட்டைப் பார்த்தான், பிறகுதான் ஆளைப் பார்த்தான்.

"மறுபடியும் வந்துட்டீங்களா சார்?"

"சி-4 சாரைப் பார்க்கணும் தம்பி. மேடமா இருந்தா மேடத்தைப் பார்க்கணும்."

"சி-4-ஐப் பார்க்க முடியாது சார்."

"ரெண்டே நிமிஷம். நன்றி சொல்லிட்டுப் போயிடறேன்."

முகிலன் மறுபடியும் தட்டைப் பார்த்தான். அங்கே பணியில் சேர்ந்த நாளிலிருந்து அவனிடம் இப்படி ஒரு வேலையாக யாரும் வந்ததில்லை.

வெற்றிவேலுக்குக் கீழ்க்கட்டளையில் மெயின் ரோட்டை ஒட்டி ஒரு மனை உண்டு. கம்பி, சிமென்ட் வியாபாரம் செய்கிறவர். கொஞ்ச நாள் அதை மணல் கொட்டி வைக்கப் பயன்படுத்தினார். அங்கே மின்சார வண்டிகளுக்குச் சார்ஜ் போடும் நிலையம் வைக்கலாம் என்று அவருக்குத் தோன்றக் காரணம் கங்கம்மா. அஸ்தினாபுரத்தில் மின்சார ஆட்டோ ஓட்டுகிறவள். ஒரு மத்தியானம் மேடவாக்கம் ரோட்டில் சார்ஜ் தீர்ந்துபோய், உள்ளே நான்கு பள்ளிக்கூடப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு வண்டியைத் தனியாகத் தள்ளிக்கொண்டு வந்தாள். வெற்றிவேல் கடையை விட்டு இறங்கிப் பின்னாலிருந்து தள்ளினார். தள்ளிக்கொண்டே அவள் கதையைச் சொன்னாள். அவளும் அவளைப் போல இன்னும் ஐந்து பெண்களும் சார்ஜ் போடத் தொலைவு போக வேண்டியிருக்கிறது. போய், வரிசையில் நின்று, திரும்பி வருவதற்குள் பாதி நாள் போய்விடுகிறது. பாதி நாள் போனால் பாதிச் சவாரி போய்விடுகிறது. கேட்டுக்கொண்டே வந்த வெற்றிவேல், மூச்சு வாங்கியபடி, என் இடத்திலேயே வைத்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டார்.

சொன்ன பிறகுதான் அனுமதி என்று ஒன்று இருப்பது நினைவுக்கு வந்தது.

அவருக்கு அதில் அனுபவம் உண்டு. அப்பா காலமான பிறகு பட்டாவில் பெயர் மாற்றத் தாலுகா ஆபீசுக்கு ஐந்து வருஷம் நடந்தார். அவர் நடக்க ஆரம்பித்தபோது அங்கே ஒரு குமாஸ்தாவுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பட்டா கையில் வந்த அன்று அந்தக் குமாஸ்தா, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க அரைநாள் விடுப்பில் போயிருந்தார்.

சார்ஜ் நிலையத்துக்கு முன்பெல்லாம் ஆறு இடத்தில் கையெழுத்து வாங்க வேண்டுமாம். இப்போது எளிமையாக்கிவிட்டார்கள், ஒரே விண்ணப்பம், வீட்டிலிருந்தே போடலாம் என்றார்கள். வெற்றிவேல் நம்பவில்லை. ஆனாலும் போட்டார். பதினாறாம் நாள் காலை பத்து மணிக்கு அனுமதி அவருடைய செல்போனுக்கு வந்தது. யாரும் நேரில் வரச் சொல்லவில்லை. ஜெராக்ஸ் கேட்கவில்லை. இன்னொரு கையெழுத்து விட்டுப்போயிருக்கிறது என்று சொல்லவில்லை. அவர் நான்கு தடவை படித்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, வெகுநேரம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மனைவி கீதா அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள்.

"யாரு போயிட்டாங்க?"

"பர்மிஷன் வந்துடுச்சு."

அவளும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

திறப்பு விழா அடுத்த வெள்ளிக்கிழமை என்று முடிவாயிற்று. கங்கம்மாவும் மற்ற ஐவரும் அந்த வெள்ளியை நம்பிப் புதிதாகப் பள்ளிக்கூடச் சவாரிகளை ஒப்புக்கொண்டார்கள். எல்லாம் நல்லபடியாக இருந்தது. வெற்றிவேலுக்குத்தான் சோறு இறங்கவில்லை. அனுமதியின் அடியில் கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் "சி-4 இருக்கை" என்று மட்டும் போட்டிருந்தது. அந்த சி-4 யார்? எங்கோ ஒரு மேஜையில், எதிரே மலைபோல் காகிதம் குவிந்திருக்க, முகம் தெரியாத ஒருவருடைய விண்ணப்பத்தைப் பொறுமையாகப் படித்து, பாவம், இவர் அலைய வேண்டாம் என்று நினைத்த மனிதர். மூக்குக் கண்ணாடி போட்டவராக இருக்கும். மத்தியானம் டப்பாவைத் திறந்து தயிர்சாதம் சாப்பிடுகிறவராக இருக்கும். தன்னை யாராவது நினைத்துக்கொள்வார்கள் என்று எதிர்பார்க்காதவர். அவரைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லாமல் நிலையத்தைத் திறந்தால் அது மனிதத்தன்மையே இல்லை என்று வெற்றிவேலுக்குப் பட்டது.

"நேர்ல பார்க்க முடியாதுன்னா, நான் நன்றி சொன்னதா பதிவாவது பண்ணிக்குங்க தம்பி" என்றார் முகிலனிடம்.

முகிலன் நல்ல பையன். கம்ப்யூட்டரில் தேடிப் பார்த்தான்.

"ரெண்டே ஆப்ஷன்தான் சார் இருக்கு. விண்ணப்பம், புகார். உங்க விண்ணப்பம் ஏற்கெனவே முடிஞ்சுபோச்சு."

"அப்போ?"

"புகார்ல போட்டு, கீழ நன்றின்னு எழுதிடறேன்."

வெற்றிவேல் மனம் நிறைந்து வெளியே வந்தார். வண்டியை எடுப்பதற்குள் செல்போனில் செய்தி வந்தது. சி-4 இருக்கை மீது தாங்கள் அளித்த புகார் பதிவு செய்யப்பட்டது. தவறிழைத்தவர் மீது உரிய நடவடிக்கை எடுக்கப்படும்.

அவர் அதை இரண்டு தடவை படித்தார். வீட்டுக்குப் போய், கீதாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, புகாரைத் திரும்பப் பெறும் பக்கத்தைத் திறந்தார். திரும்பப் பெறக் காரணம் கேட்டது. அதிலும் இரண்டே காரணங்கள்தான் இருந்தன. ஒன்று மிரட்டல், மற்றது சமரசம். மிரட்டல் என்று போட்டால் சி-4 ஜெயிலுக்கே போய்விடுவார் என்றாள் கீதா. இருவரும் கலந்து பேசி, நல்ல வார்த்தையாக இருக்கிறதே என்று சமரசத்தை அழுத்தினார்கள்.

செவ்வாய்க்கிழமை அலுவலகக் கண்காணிப்பாளர் சந்திரிகா கூப்பிட்டு அனுப்பினார்.

சந்திரிகாவுக்கு ஓய்வு பெற இன்னும் ஒன்றரை வருஷம் இருந்தது. மேஜையில் ஒரு காகிதமும் அசையாமல் கல் வைத்திருந்தார்.

"என்ன கொடுத்து சமரசம் ஆச்சு சார்?" என்றார்.

"ஒண்ணும் கொடுக்கல மேடம். மைசூர்பாகு கொடுக்கலாம்னு மூணு தடவ வந்தேன். வாங்கிக்க ஆள் கிடைக்கல."

"அப்போ கொடுக்க முயற்சி பண்ணியிருக்கீங்க. மூணு தடவ." எழுதிக்கொண்டார்.

வெற்றிவேல் விளக்கினார். விளக்க விளக்க சந்திரிகாவின் முகத்தில் கலவரம் கூடிக்கொண்டே போனது. கடைசியில் பேனாவைக் கீழே வைத்தார்.

"முப்பத்தி மூணு வருஷ சர்வீஸ்ல ஒருத்தர் நன்றி சொல்லி நான் பார்த்ததில்ல" என்றார் மெதுவாக. "எனக்கே பயமா இருக்கு. தயவுசெஞ்சு போயிடுங்க."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவர் யோசித்தார். சி-4 பணம் வாங்கிவிட்டார் என்றுதானே இவர்கள் நினைக்கிறார்கள்? ஒளித்து வைப்பதால்தான் சந்தேகம். ஊரறியச் சொல்லிவிட்டால்? நேரே அன்புவின் பேனர் கடைக்குப் போனார்.

அன்பு வழக்கம்போலக் கேட்டான். "போட்டோ கொடுண்ணா."

"போட்டோ இல்லப்பா. நான் பார்த்ததே இல்ல."

"போட்டோ இல்லாம பேனர் எப்படிண்ணா நிக்கும்? நடுவுல ஓட்டையா தெரியும்." அவன் அங்கே ஒரு முட்டை வடிவ வட்டம் போட்டான். வட்டம் வெறுமையாக இருக்கிறதே என்று அதற்குள் ஒரு ரோஜா வைத்தான். மங்களகரமாக இருக்கட்டும் என்று வெற்றிவேல் சொன்னதால் பக்கத்தில் ஒரு குத்துவிளக்கு. கீழே பெரிய எழுத்தில் "சி-4 அவர்கள்". அதற்கும் கீழே "உங்கள் சேவையை என்றும் மறவோம்".

புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு அலுவலகத்துக்கு எதிரே டீக்கடை ஓரமாகப் பேனர் நின்றது. ஒன்பதே காலுக்கு அவ்வழியே போன பூக்காரி உச்சுக்கொட்டி ஒரு முழம் சாமந்தியை எடுத்து மேலே போட்டாள். பத்து மணிக்குப் பக்கத்து வணிகர் சங்கத்திலிருந்து ஒரு ரோஜா மாலை வந்தது. டீக்கடையில் பாட்டை நிறுத்திவிட்டார்கள். அலுவலகத்துக்கு வந்த ஒரு பெரியவர் செருப்பைக் கழற்றி விட்டு நின்று, நல்ல மனுஷங்களைத்தான் சீக்கிரம் கூப்பிட்டுக்கறான் என்று சொல்லிவிட்டுப் படியேறினார். பதினொரு மணிக்கு மேலிடத்திலிருந்து சந்திரிகாவுக்குப் போன். இறந்தது யார், ஏன் தெரிவிக்கவில்லை, வாரிசு வேலைக்கு மனு வந்திருக்கிறதா என்று கேட்டார்களாம்.

இந்தத் தடவை சந்திரிகா உட்காரச் சொல்லவில்லை.

"அந்த பேனருக்கு அனுமதி வாங்கினீங்களா?"

வெற்றிவேல் வாங்கவில்லை.

"சார்ஜ் ஸ்டேஷனுக்கு வாங்கத் தெரிஞ்சவருக்கு பேனருக்கு வாங்கத் தெரியல." அவர் ஒரு தாளை நீட்டினார். சி-4 மீதான புகாரும், அது சந்தேகத்துக்கு இடமாகத் திரும்பப் பெறப்பட்டதும் விசாரித்து முடியும்வரை நிலையத்தின் அனுமதி நிறுத்தி வைக்கப்படுகிறது என்று அதில் இருந்தது.

"யார் மேடம் விசாரிப்பாங்க?"

"சார்ஜ் ஸ்டேஷன் பத்தி எது வந்தாலும் சி-4 சீட்டுக்குத்தான் போகணும். அதுதான் விதி."

"சி-4 மேல வந்த புகாரை சி-4 விசாரிக்கணுமா?"

சந்திரிகா ஜன்னலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

அன்று மாலை கங்கம்மா மனைக்கு வந்தாள். தார்ப்பாய் போட்டு மூடியிருந்த மூன்று சார்ஜ் கருவிகளையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். வெற்றிவேல் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். ஒப்புக்கொண்ட சவாரிகள் போய்விடுமே என்று அவள் கத்துவாள் என எதிர்பார்த்தார். கத்தியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவளோ தார்ப்பாயை மறுபடி இழுத்து மூடினாள்.

"எங்கள வுடுண்ணா" என்றாள் பிறகு. "நாங்க எங்கியாவது போயி சார்ஜ் போட்டுக்குவோம். அந்த மனுசன நெனச்சியா? நம்மளுக்கு நல்லது பண்ணாரு. அவுரு வேலைக்கே உல வெச்சிட்டு வந்து நிக்கிறியே, அவுரு வூட்ல கொழந்த குட்டி இருக்காதா?"

வெற்றிவேல் தார்ப்பாயின் மறுநுனியைப் பிடித்துக் கட்டினார்.

"போயி அவுரு கையப் புடிச்சி மன்னிப்புக் கேளு. ஸ்டேஷன் தொறந்தா தொறக்குது, இல்லாட்டிப் போவுது."

வியாழக்கிழமை முழுக்க ஒரு கடிதம் எழுதினார். சி-4 அவர்கள் அப்பழுக்கற்றவர், எல்லாத் தவறும் நன்றி சொல்லத் தெரியாமல் சொன்ன தன்னுடையதே, தண்டனை எதுவானாலும் தனக்கே தரவேண்டும். வெள்ளிக்கிழமை, நிலையத்தைத் திறந்திருக்க வேண்டிய அதே நேரத்தில், அலுவலகத்து வராந்தாவில் பெஞ்சில் போய் உட்கார்ந்தார். இந்தத் தடவை தட்டு இல்லை.

உள்ளே போகிற, வெளியே வருகிற ஒவ்வொருவரையும் பார்த்தார். குடையும் மூக்குக் கண்ணாடியுமாக ஒருவர் போனபோது பாதி எழுந்தார். அவர் கட்டட வரைபடத்தோடு வந்த இன்னொரு விண்ணப்பதாரர். சாப்பாட்டுக் கூடையோடு ஒரு அம்மாள் சிரித்தபடி வந்தபோது கைகூப்பியே விட்டார். அந்த அம்மாள் கேன்டீனுக்குப் போனாள். முகிலன் இரண்டு தடவை எட்டிப் பார்த்து, ஏதோ சொல்ல வாயெடுத்து, உள்ளே சந்திரிகா இருமியதும் போய்விட்டான். மத்தியானம் போனது. வெற்றிவேலுக்குப் பசிக்கவில்லை. பார்த்தே இராத ஒருவருக்காக இவ்வளவு நேரம் காத்திருப்பது விசித்திரமாக இருந்தாலும், உள்ளே ஏதோ இளகிக் கிடந்தது. உலகத்தில் இப்படியும் ஒரு ஆள் இருந்திருக்கிறார், அது போதும் என்று நினைத்தார்.

ஐந்தரைக்கு விசிறிகள் ஒவ்வொன்றாக நின்றன. எல்லோரும் போய்விட்டார்கள். ஜன்னல்களைச் சாத்திப் பெருக்கிக்கொண்டு வந்த அங்காளம்மாள் பெஞ்சின் அருகே விளக்குமாற்றை நிறுத்தினாள்.

"காலைலேந்து யாருக்கு சார் குந்திகினு கீற?"

"சி-4-க்காகம்மா. என்னால அவர் வேலைக்கு ஆபத்து வந்துடுச்சு. கால்ல விழுந்தாவது மன்னிப்புக் கேட்டுட்டுப் போயிடறேன்."

அங்காளம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு சந்திரிகாவின் அறை பூட்டியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

"அந்த சீட்ல ஆளே இல்லாம ரெண்டு வருசம் ஆவுது சார், அதுக்குப் போற பேப்பர பதினஞ்சு நாளு யாரும் தொடலன்னா கம்ப்யூட்டரே ஓகே போட்டு அனுப்பிடும், உன் பர்மிசனு அப்படித்தான் வந்துச்சு, இந்தப் புகாரும் அப்படித்தான் தானா முடியும், நீ மட்டும் நன்றி சொல்றேன்னு இந்தப் பக்கம் வராம இரு."